சுமை தூக்கலாம், பூட்டைத் திறக்கலாமா?



சென்னையில் இரவு ரயில் ஏறிக் கொடைக்கானலுக்குப் போகிறவர் காலையில் எந்த நிலையத்தில் இறங்குவார்? திண்டுக்கல் மாவட்டத்துப் பிள்ளைகள் இதற்குச் சட்டென்று விடை சொல்லிவிடுவார்கள். கொடைக்கானலுக்கு ரயில் பாதை கிடையாது. திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவே கொடைரோடு என்று ஒரு நிலையம் இருக்கிறது. அங்கே இறங்கி, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு வழியாகச் சுமார் 80 கிலோமீட்டர் பஸ்ஸிலோ காரிலோ போக வேண்டும். பெட்டி படுக்கையோடு வந்த குடும்பமாக இருந்தால், ரயிலிலிருந்து சாமான்களை இறக்கி, வெளியே கொண்டுவந்து, வண்டியில் ஏற்றித் தர ஒரு போர்ட்டரும் வேண்டும்.

அந்தப் போர்ட்டரை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அவரைப் போன்ற ஒரு கணிப்பொறியைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறோம். பள்ளியிலும் அலுவலகத்திலும் நமக்கும் இணையத்துக்கும் நடுவே நின்று, நாம் கேட்டதை நமக்காகப் போய் வாங்கிவரும் கணிப்பொறி அது. பிராக்ஸி சர்வர் என்பார்கள். பிராக்ஸி என்றால் ஒருவருக்குப் பதிலாக நிற்பவர். வகுப்புக்கு வராத தோழனுக்காகக் கடைசி பெஞ்சிலிருந்து குரலை மாற்றி ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்கிறானே, அவனும் ஒரு பிராக்ஸிதான்! (ஆசிரியர் கண்டுபிடித்தால் அவன் கதி என்ன என்பது வேறு விஷயம்.)

போர்ட்டர் பூட்டிய பெட்டியைத் தூக்குகிறார். அது அவர் வேலை. அதைத் திறந்து பார்க்கலாமா? ‘நல்லதற்காகத்தான் திறக்கிறேன்’ என்று அவர் சொன்னால்? பள்ளி நிர்வாகமே திறக்கச் சொன்னால்? இன்று பள்ளிகளில் கணிப்பொறி ஆய்வகம் வைப்பவர்கள் முன் இந்தக் கேள்வி உண்மையாகவே வந்து நிற்கிறது. பெரியவர்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்துவிடுகிறார்கள். பெட்டி உங்களுடையது, ஆகவே விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: திறக்கக் கூடாது.

முப்பது பேருக்கு ஒரு சூரியன்

கொடைரோட்டில் ஒரு பள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் ஆய்வகத்தில் 30 கணிப்பொறிகள். வெளியுலகுக்கு ஒரே ஓர் இணைய இணைப்பு. அதுவும் அவ்வளவு வேகமானதல்ல. இன்று பாடம் சூரியப் புள்ளிகள். மேலே மலையில், கொடைக்கானல் வானாய்வகத்தில், நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் படம் பிடித்துவருகிறார்கள். 1899-ல் நிறுவப்பட்ட ஆய்வகம் அது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் 1909-ல் அங்கேதான் கண்டறிந்தார். அந்தப் பழைய கண்ணாடித் தகட்டுப் படங்களை இப்போது எண் வடிவாக்கி இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். 30 மாணவர்களும் ஒரே படத்தை ஒரே நேரத்தில் கேட்கிறார்கள் என்றால், ஒரு படம் 30 முறை அந்தச் சிறிய குழாய் வழியே வர வேண்டும். பாட வேளை முடியும்வரை சூரியன் பாதிதான் உதித்திருப்பார்!

பிராக்ஸி சர்வர் தோன்றியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். முதல் மாணவன் கேட்டதும் படத்தை வாங்கி வருகிறது. ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. மற்ற 29 பேருக்கும் அந்தப் பிரதியையே கொடுத்துவிடுகிறது. 1996-லிருந்து புழக்கத்தில் இருக்கும் ‘ஸ்க்விட்’ என்ற இலவச மென்பொருள் இந்த வேலைக்குப் பேர்போனது. ஸ்க்விட் என்றால் கணவாய் மீன். நம் மொழியில் மலைகளுக்கு இடையே உள்ள வழிக்கும் கணவாய் என்றுதான் பெயர். எல்லோரும் கடந்து போகும் இடுக்கு வழியில் நிற்கும் மென்பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? பெயர் வைத்தவர்களுக்குத் தமிழ் தெரிந்திருக்க நியாயமில்லை.

இந்த ஏற்பாடு நன்றாகத்தான் நடந்தது, இணையப் பக்கங்கள் திறந்த கூடையில் வந்துகொண்டிருந்தவரை. நிலக்கோட்டைச் சந்தைக்குப் போகும் பூக்கூடையைப் போல, வழியில் நிற்பவர் யாரும் உள்ளே மல்லிகையா கனகாம்பரமா என்று பார்த்துவிடலாம். பார்ப்பது மட்டுமா? இரண்டு பூவை எடுக்கலாம்; வாடிய பூவைச் சேர்க்கலாம். கடவுச்சொல்லும் வங்கிக் கணக்கும் அந்தக் கூடையிலேயே போயின என்றால் ஆபத்து புரியும். ஆகவே கூடை போய்ப் பூட்டிய பெட்டி வந்தது. முகவரியின் தொடக்கத்தில் ‘எச்டிடிபி’ என்பதோடு ‘எஸ்’ என்று ஓர் எழுத்து கூடுதலாக இருக்கிறதே, அதுதான் பூட்டு. 2010-க்குப் பிறகு மெல்ல மெல்ல, இன்று ஏறக்குறைய எல்லாப் பக்கங்களும் பூட்டிய பெட்டியில்தான் வருகின்றன.

பூட்டிய பெட்டிக்குள் இருப்பது சூரியனா சந்திரனா என்று போர்ட்டருக்குத் தெரியாது. தெரியாததைப் பிரதி எடுத்து வைக்க முடியுமா? முடியாது. அதோடு ஒவ்வொரு மாணவனுக்கும் ஒவ்வொரு சாவி. ஒருவனுக்கு வந்த பெட்டி இன்னொருவனுக்கு உதவாது. பிராக்ஸியின் பழைய உபகாரம் இங்கே அடிபட்டுப் போயிற்று. இதை மறைக்க நான் விரும்பவில்லை. இணைப்பு மெதுவாக உள்ள கிராமத்துப் பள்ளிக்கு இது உண்மையான நஷ்டம்.

பூட்டும் முத்திரையும்

இப்போது பூட்டைச் சற்றுக் கூர்ந்து பார்ப்போம். எளிமைப்படுத்தித்தான் சொல்கிறேன், உள்ளே இருப்பது கணிதம். முன்பின் அறியாத இருவர், மற்றவர்கள் ஒட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே தங்களுக்குள் ஓர் இரகசியத்தை உருவாக்கிக்கொள்ள முடியும் என்று 1976-ல் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் காட்டினார்கள். அந்தக் கருத்தின் பேரன் பேத்திகள்தாம் இன்றைய பூட்டுகள்.

வானாய்வகத்தின் இணையதளம் உங்களுக்கு ஒரு திறந்த பூட்டை அனுப்புகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதை யாரும் பூட்டலாம். திறக்கும் சாவி அந்தத் தளத்திடம் மட்டும் இருக்கிறது. நீங்கள் உங்கள் செய்தியைப் பெட்டியில் இட்டு அந்தப் பூட்டைப் போட்டு அனுப்புகிறீர்கள். போர்ட்டர் தூக்கிச் செல்கிறார்; திறக்க அவரால் ஆகாது.

ஆனால் போர்ட்டர் தந்திரசாலியாக இருந்தால்? தளம் அனுப்பிய பூட்டைத் தன் பையில் போட்டுக்கொண்டு, தன்னுடைய பூட்டை உங்களிடம் நீட்டலாம். நீங்களும் ஏமாந்து அதைப் போட்டுவிடுவீர்கள். அவர் தன் சாவியால் திறந்து, படித்துவிட்டு, பிறகு தளத்தின் அசல் பூட்டைப் போட்டு மேலே அனுப்பிவிடுவார். இரு பக்கத்துக்கும் சந்தேகம் வராது!

இதைத் தடுக்கத்தான் சான்றிதழ். கடையில் மின்சார இஸ்திரிப் பெட்டி வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று அப்பா புரட்டிப் பார்ப்பார் அல்லவா? அதுபோல ஒவ்வொரு பூட்டின் மேலும் ‘இது இன்ன தளத்தின் பூட்டுத்தான்’ என்று ஒரு சான்றளிப்பு நிறுவனம் முத்திரை குத்தியிருக்கும். எந்தெந்த நிறுவனங்களின் முத்திரையை நம்பலாம் என்ற பட்டியல் உங்கள் கணிப்பொறிக்குள்ளேயே இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட மூலச் சான்றிதழ்கள் அதில் இருக்கும். போர்ட்டரின் சொந்தப் பூட்டில் அந்த முத்திரை இராது. உடனே உலாவி எச்சரித்துக் கதவைச் சாத்திவிடும்.

அப்படியானால் ஒரு பள்ளி, தன் பிராக்ஸி எல்லாப் பெட்டிகளையும் திறந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தால் என்ன செய்யும்? பிராக்ஸியே ஒரு முத்திரையைத் தயாரித்துக்கொள்ளும். அந்த முத்திரையை 30 கணிப்பொறிகளின் நம்பிக்கைப் பட்டியலிலும் கையால் சேர்த்துவிடுவார்கள். அதன்பின் பிராக்ஸி எந்தத் தளத்தின் பெயரில் வேண்டுமானாலும் நொடியில் ஒரு போலிப் பூட்டைச் செய்து, தன் முத்திரையைக் குத்தி நீட்டும். கணிப்பொறி ‘சரி’ என்று ஏற்றுக்கொள்ளும். இதில் பூட்டு உடைபடவில்லை என்பதைக் கவனியுங்கள். யாரை நம்ப வேண்டும் என்ற உங்கள் கணிப்பொறியின் அறிவைத்தான் மாற்றிவிட்டார்கள். எனக்கு இதில் உறுத்துவதே அதுதான்.

நடந்த கதைகள்

இதெல்லாம் கற்பனை என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது.

ஒரு காலத்தில் நம் வீடுகளில் நோக்கியா போன் இல்லாத வீடு அபூர்வம். ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை அந்த நிறுவனத்தின் தொழிற்சாலையே இயங்கியது. அதன் ஆஷா வகைப் போன்களில் ‘எக்ஸ்பிரஸ்’ என்றோர் உலாவி இருந்தது. மெதுவான இணைப்பிலும் பக்கங்கள் விரைவாக வருவதற்காக, எல்லாவற்றையும் நோக்கியாவின் பிராக்ஸி சர்வர் வாங்கிச் சுருக்கி அனுப்பும். நல்ல யோசனைதான். 2013 ஜனவரியில் இந்தியாவைச் சேர்ந்த ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் தம் போனிலிருந்து போகும் செய்திகளை ஆராய்ந்து பார்த்தார். பூட்டிய பெட்டிகளும் அந்தச் சர்வரில் திறக்கப்படுகின்றன என்று கண்டு வெளியிட்டார். அதாவது வங்கிக் கடவுச்சொல் உட்பட எல்லாமே நடுவழியில் ஒரு கணம் வெட்டவெளியில் இருந்தன. திறப்பது உண்மை, ஆனால் பாதுகாப்பாகவே செய்கிறோம், யாரும் பார்ப்பதில்லை என்று நிறுவனம் விளக்கம் சொன்னது.

அடுத்து நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. சில நாட்களிலேயே உலாவியின் புதிய பதிப்பு வந்தது. அதே ஆய்வாளர் மறுபடி சோதித்தார். பெட்டிகள் முன்போலவே நோக்கியா சர்வர் வழியாகத்தான் போயின. ஆனால் இப்போது திறக்கப்படாமல் போயின! அதே போர்ட்டர், அதே பாதை, அதே சுமை. திறக்காமலும் வேலை நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மறு ஆண்டே, 2014 ஜூலையில், இன்னொரு கதை. மைய அரசின் தேசியத் தகவல் மையத்துக்கும் முத்திரை குத்தும் அதிகாரம் இருந்தது. அந்த முத்திரையோடு கூகுள், யாஹூ தளங்களின் பெயரில் போலிச் சான்றிதழ்கள் உலவுவதைக் கூகுள் கண்டுபிடித்தது. முத்திரை வழங்கும் முறைக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று தெரியவந்தது. அந்த மையத்தின் சான்றளிப்பு அதிகாரம் உடனே ரத்து செய்யப்பட்டது. விண்டோஸ் கணிப்பொறிகளின் நம்பிக்கைப் பட்டியலில் இந்தியாவின் மூலச் சான்றிதழ் இருந்ததால், மைக்ரோசாஃப்டும் அவசரமாக ஒரு திருத்தம் அனுப்ப வேண்டியிருந்தது. ஒரு நாட்டின் முக்கியக் கணிப்பொறி அமைப்பே தன் முத்திரையைக் காப்பாற்ற முடியாமல் போனதென்றால், ஆய்வக மூலையில் மேசைக்கடியில் தூசி படிந்து கிடக்கும் பள்ளிப் பிராக்ஸி எந்த மட்டும்?

அந்தப் பிராக்ஸிக்குள்தான் முத்திரையின் இரகசியச் சாவி இருக்கும். யாராவது ஒரு பென்டிரைவில் அதைப் பிரதி எடுத்துவிட்டால், அந்த முத்திரையை நம்பும் அத்தனை கணிப்பொறிகளையும் ஏமாற்றலாம். 2015 பிப்ரவரியில் லெனோவோ மடிக்கணினிகளில் இப்படித்தான் ஆனது. விளம்பரம் செருகுவதற்காகச் ‘சூப்பர்ஃபிஷ்’ என்ற மென்பொருளை முன்கூட்டியே போட்டு விற்றிருந்தார்கள். அது ஒவ்வொரு கணிப்பொறியிலும் தன் முத்திரையைச் சேர்த்திருந்தது. எல்லாவற்றிலும் ஒரே சாவி! விஷயம் வெளிவந்த சூட்டிலேயே ஓர் ஆய்வாளர் அந்தச் சாவியை வெளியே எடுத்துக் காட்டிவிட்டார்.

‘நாங்கள் கவனமாகச் செய்வோம்’ என்று ஒரு நிர்வாகி சொல்லலாம். 2017-ல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கூகுள், மொசில்லா, கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தாரும் சேர்ந்து கோடிக்கணக்கான இணைப்புகளை ஆராய்ந்தார்கள். நூற்றுக்கு 4 முதல் 11 வரையான இணைப்புகள் நடுவழியில் திறக்கப்படுவதாகத் தெரிந்தது. அப்படித் திறக்கப்பட்டவற்றில் பெரும்பங்கு, திறக்காமல் இருந்தால் இருந்திருக்கும் பாதுகாப்பைவிடக் குறைந்த பாதுகாப்போடு மறுபடி பூட்டப்பட்டன. காரணம் எளிது. உங்கள் உலாவியைச் செய்கிறவர்கள் பழுதுகளை அடிக்கடி திருத்திப் புதுப்பிக்கிறார்கள். நடுவில் நிற்கும் பெட்டியை வாங்கி வைத்தவர் அதோடு மறந்துவிடுகிறார்.

எதிர்க்கட்சி வாதம்

திறக்க வேண்டும் என்பவர்களும் கெட்டவர்கள் அல்லர். அவர்கள் சொல்வதையும் கேட்போம்.

முதல் வாதம், பிள்ளைகளின் நலம். கண்ட கண்ட பக்கங்களுக்குப் போய்விடுவார்கள், தடுக்க வேண்டாமா? வேண்டும்தான். ஆனால் தடுப்பதற்குப் பெட்டியைத் திறக்கத் தேவையில்லை. பூட்டிய பெட்டியின் மேலும் முகவரி எழுதியிருக்கும். உலாவி பிராக்ஸியிடம் ‘கனெக்ட்’ என்ற கட்டளையோடு ‘இன்ன தளத்தின் 443-ஆம் எண் வாசலுக்கு வழி விடு’ என்று கேட்கும்போது, தளத்தின் பெயர் பிராக்ஸிக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தப் பெயரைப் பார்த்தே ‘இது ஆகாது’ என்று மறுத்துவிடலாம். ஒரு தளத்துக்குள் எந்தப் பக்கம், அதில் என்ன எழுத்து என்பது தெரியாது, அவ்வளவுதான். அதைத் தெரிந்துகொள்ள ஆசிரியர் ஆய்வகத்தில் இரண்டு நடை நடந்தால் போதும். பிள்ளைகளோடு பேசவும் வாய்ப்புக் கிடைக்கும்.

பிள்ளைகளின் நலம் என்றே வைத்துக்கொண்டாலும், மறுபக்கத்தை நினைத்துப் பாருங்கள். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் உடல்நலத்தைப் பற்றி அம்மாவிடம்கூடக் கேட்கக் கூச்சப்பட்டு ஒரு மருத்துவப் பக்கத்தில் தேடுகிறாள். ஒரு பையனைப் பள்ளியிலேயே ஒருவர் துன்புறுத்துகிறார். 1098 குழந்தைகள் உதவி எண்ணைப் பற்றியும், எப்படிப் புகார் எழுதுவது என்றும் தேடுகிறான். பெட்டியைத் திறக்கும் பிராக்ஸியின் சாவிக்கொத்து யார் கையில் இருக்கும்? ஒருவேளை, யாரைப் பற்றிப் புகாரோ அவர் கையிலேயே இருக்கலாம். அந்தரங்கம் என்பது ஒவ்வொருவரின் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். பதினெட்டு வயது ஆகும்வரை அது செல்லாது என்று அவர்கள் சொல்லவில்லை.

இரண்டாவது, வைரஸ் சோதனை. பெட்டிக்குள் பாம்பு இருந்தால்? பாம்பைப் பெட்டி திறக்கப்படும் வீட்டில் பிடிப்பதே முறை. அந்தந்தக் கணிப்பொறியிலேயே சோதிக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன.

மூன்றாவது வாதம்தான் கனமானது: நாம் முன்பே பார்த்த சேமிப்பு. திறந்தால்தானே பிரதி எடுத்து வைக்க முடியும்? மெதுவான இணைப்புள்ள பள்ளியிலிருந்து இதைக் கேட்பவருக்கு வெறுமனே ‘அந்தரங்கம்’ என்று பதில் சொன்னால் அவர் என்னை முறைப்பார். ஆனால் யோசித்துப் பாருங்கள். எல்லோருக்கும் பொதுவான பாடப் பொருளைத்தானே பிரதி எடுத்து வைக்க வேண்டும்? அதற்கு ஏன் ஒவ்வொருவர் பெட்டியையும் திறக்க வேண்டும்? ஆசிரியரே முதல் நாள் மாலையில் சூரியப் படங்களை ஒருமுறை இறக்கி, பள்ளிக்குள் இருக்கும் ஒரு சர்வரில் வைத்துவிடலாம். கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு தமிழ் விக்கிப்பீடியாவை அப்படியே முழுதாகப் பள்ளிக்குள் கொண்டுவந்து வைக்கலாம். இணைப்பு அறுந்து போனாலும் படிக்கலாம். பொதுச் சரக்கைக் கிடங்கில் வாங்கி வை. சொந்தப் பெட்டியைத் தொடாதே. இதற்குக் கொஞ்சம் உழைப்பு வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெட்டியைத் திறக்கும் பிராக்ஸியை வைத்துப் பராமரிக்க ஆகும் உழைப்பைவிட இது நிச்சயம் குறைவு.

நல்ல போர்ட்டரை அமர்த்துவது

அப்படியானால் கொடைரோட்டுப் பள்ளி பிராக்ஸியே வைக்க வேண்டாமா? தாராளமாக வைக்கலாம். ஒரு பழைய கணிப்பொறி போதும். லினக்ஸ் போட்டு, ஸ்க்விட் மென்பொருளை நிறுவினால், வழக்கமாக 3128 என்ற எண்ணுள்ள வாசலில் அது காத்திருக்கும். ஆய்வகக் கணிப்பொறிகளின் உலாவியில் அந்த முகவரியைச் சொல்லிவிட வேண்டும். பிளஸ் டூ கணிப்பொறி அறிவியல் மாணவர்கள் ஓர் ஆசிரியரின் மேற்பார்வையில் ஒரே மாலையில் செய்துவிடக் கூடிய வேலை. செய்யும்போது சில விஷயங்களில் அழுத்தமாக இருக்க வேண்டும்.

பள்ளிக்குள்ளிருந்து வரும் கோரிக்கைகளை மட்டும் ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ ஒருவன் உங்கள் போர்ட்டரின் சட்டையை மாட்டிக்கொண்டு திருட்டு வேலை செய்வான். பழி பள்ளியின் மேல் விழும். ‘கனெக்ட்’ கட்டளைக்கு 443-ஆம் வாசலை மட்டும் அனுமதிக்க வேண்டும். கண்ட வாசலுக்கும் வழி விட்டால், அதன் வழியே குப்பைக் கடிதங்களை அனுப்பத் தொடங்கிவிடுவார்கள். ஸ்க்விட்டின் தொடக்க அமைப்பிலேயே இந்தக் கட்டுப்பாடு இருக்கிறது. புரியாமல் அழித்துவிடாமல் இருந்தால் சரி. ‘பம்ப்’ என்ற பெயரில் பெட்டியைத் திறக்கும் வசதியும் அதில் உண்டு. அதைத் தொட வேண்டாம்.

இன்னொன்றையும் யாரும் பேசுவதில்லை: பதிவேடு. பெட்டியைத் திறக்காத போர்ட்டரும் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டே இருக்கிறார். எந்தக் கணிப்பொறி, எத்தனை மணிக்கு, எந்தத் தளத்துக்குப் போயிற்று, எத்தனை பைட்டுகள் வந்தன என்பதெல்லாம் அதில் ஏறும். தளத்தின் பெயரே பல சமயம் பாதிக் கதையைச் சொல்லிவிடும். ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் பெயர் ஒரே வாரத்தில் எட்டு முறை இருந்தால், அந்த மாணவன் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஊகிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆகவே பதிவேட்டை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருப்பது என்று முதலிலேயே முடிவு செய்து, ஆய்வகக் கதவில் எழுதி ஒட்டிவிட வேண்டும். இணைப்பில் பழுது பார்க்க ஒரு வாரக் குறிப்பு போதும் என்பது என் எண்ணம். மூன்று ஆண்டுப் பதிவேட்டை அடுக்கி வைத்திருக்கும் பள்ளி எதற்காக வைத்திருக்கிறது என்று அதற்கே தெரியாது.

நீங்களே பாருங்கள்

உங்கள் பெட்டியை யாராவது திறக்கிறார்களா என்று கண்டறிய முடியுமா? முடியும், ஐந்து நிமிடம் போதும். ஆய்வகக் கணிப்பொறியில் ஏதேனும் ஓர் இணையதளத்தைத் திறவுங்கள். முகவரிக்கு இடப்பக்கத்தில் உள்ள சிறு குறியை அழுத்தினால் இணைப்பைப் பற்றிய விவரம் வரும். அதில் சான்றிதழைத் தேடி, ‘வழங்கியவர்’ என்ற இடத்தில் என்ன பெயர் இருக்கிறது என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மாலையில் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ, வேறோர் இணைப்பில், அதே தளத்தின் சான்றிதழைப் பாருங்கள். பத்துத் தளங்களுக்கு இப்படிச் செய்து அட்டவணை போடுங்கள்.

வெவ்வேறு தளங்களுக்கு வெவ்வேறு சான்றளிப்பு நிறுவனங்களின் பெயர் வந்தால் பெட்டி திறக்கப்படவில்லை என்று கொள்ளலாம். பத்துத் தளங்களுக்கும் ஒரே பெயர் வந்து, அது பள்ளியின் பெயராகவோ ஏதோ ஒரு தடுப்புக் கருவியின் பெயராகவோ இருந்தால், நடுவில் ஒருவர் உட்கார்ந்து திறந்துகொண்டிருக்கிறார். சில வைரஸ் தடுப்பு மென்பொருள்களும் இதே வேலையைச் செய்கின்றன. அப்போது அந்த மென்பொருளின் பெயர் வரும். உடனே கூச்சல் போட வேண்டாம். அட்டவணையை எடுத்துக்கொண்டு போய்க் கணிப்பொறி ஆசிரியரிடம் காட்டிக் கேளுங்கள். அவருக்கே தெரியாமல் இருக்கவும் கூடும்.

பள்ளிக்குச் சொந்தமான கணிப்பொறியில் எந்த முத்திரையைச் சேர்ப்பது என்பதில் பள்ளிக்கு ஓரளவு உரிமை உண்டு; மாணவர்களுக்கு முன்னறிவிப்புக் கொடுத்திருந்தால். உங்கள் வீட்டுப் போன் விஷயம் வேறு. ‘எங்கள் வைஃபையில் சேர இந்தச் சான்றிதழைப் போனில் நிறுவிக்கொள்’ என்று யாராவது சொன்னால், அது பள்ளியானாலும் விடுதியானாலும் டீக்கடையானாலும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தப் போனில்தான் அப்பாவின் வங்கிக் கணக்கும் அம்மாவின் மருத்துவச் சீட்டும் இருக்கின்றன. வைஃபையை விட்டு வெளியே வந்த பிறகும் அந்த முத்திரை போனிலேயே உட்கார்ந்திருக்கும். 2016-ல் வந்த ஏழாம் பதிப்பு முதல், இப்படிக் கையால் சேர்த்த முத்திரையைச் செயலிகள் தாமாக நம்பாதபடி ஆண்ட்ராய்டை மாற்றிவிட்டார்கள். ஆனால் போனில் உள்ள உலாவி இன்னும் நம்பும்.

ஏற்கெனவே நிறுவியிருந்தால்? போனின் அமைப்புகளில் பாதுகாப்பு என்ற பகுதிக்குள் போய், ‘நம்பகமான சான்றுகள்’ என்ற பட்டியலைத் திறவுங்கள். அதில் ‘பயனர்’ என்று ஒரு பிரிவு இருக்கும். பெரும்பாலோர் போனில் அது காலியாக இருக்க வேண்டும். உங்கள் போனில் அங்கே ஒரு பெயர் இருந்தால், அதை அழிப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, யார் அதைப் போட்டார்கள் என்று வீட்டில் விசாரியுங்கள்.